சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு மஞ்சக்குப்பம் இன்டர்நெட்: பயண ரவுட்டர் வாங்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். வேலை விஷயமாக ஒரு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால் பயண ரவுட்டர் (ரூம் வைஃபையை வாங்கி நம் சொந்த வைஃபையாகக் கொடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், காசு வீண் இல்லை. ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்கு வேண்டவே வேண்டாம், போனில் ஒரு இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) போதும். "இந்தியா சர்வர் உண்டு" என்று சொல்லிச் சந்தா வாங்குகிற விபிஎன்னை (நம் இன்டர்நெட்டை வேறு ஊர் சர்வர் வழியாகச் சுரங்கம் போட்டுக் கொண்டுபோகும் சேவை) அந்த இந்தியா சர்வருக்காகவே வாங்க நினைத்தால் கொஞ்சம் நில்லுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அப்புறம், இந்த மொத்த ஏற்பாட்டிலும் முக்கியமான சாமான் ரவுட்டர் இல்லை. கடலூரில் எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பிளக் பாயிண்ட். அது எனக்கு உறைக்க ஒரு புயல் வர வேண்டியிருந்தது.

ஊர் கடலூர் மஞ்சக்குப்பம், வேலை சென்னைக் கம்பெனிக்கு, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. 2024இல் இரண்டு முறை கிளையன்ட் இடத்துக்கே அனுப்பினார்கள்: வருஷ ஆரம்பத்தில் துபாய் மூன்று மாதம், தீபாவளிக்கு முன்னால் கிளம்பி சிங்கப்பூர் இரண்டு மாதம்.

துபாயில் அலவன்ஸில் மிச்சம் பிடிக்கலாம் என்று கராமாவில் பெட் ஸ்பேஸ் எடுத்தேன். ஒரு ரூமில் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒரே வைஃபை. பாஸ்வேர்டை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள், பழுப்பேறிய காகிதம், எத்தனை பேர் வந்து தங்கி அதைப் பார்த்து டைப் செய்துவிட்டுப் போயிருப்பார்களோ தெரியாது. ரவுட்டருக்குள் நுழைகிற அட்மின் பாஸ்வேர்டு என்னவென்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் அச்சிட்டிருந்தது, அதையே போட்டேன், திறந்துகொண்டது. வயிற்றில் புளியைக் கரைத்தது. நான் நுழைய முடிகிறது என்றால் யாரும் நுழையலாம்.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். பொது வைஃபையில் உட்கார்ந்தால் பேங்க் பாஸ்வேர்டைப் பக்கத்து மேஜைக்காரன் படித்துவிடுவான் என்று விபிஎன் விளம்பரங்கள் பயமுறுத்துகின்றனவே, அது பாதிக்கு மேல் பழங்கதை. இப்போது ஏறக்குறைய எல்லா இணையதளமும் நாம் அனுப்புவதைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் முறையில்தான் வருகிறது, நடுவில் இருப்பவனுக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாமே தவிர என்ன டைப் செய்தீர்கள் என்பது தெரியாது. உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ரவுட்டருக்குள் புகுந்தவன் டிஎன்எஸ் என்கிற விலாசப் புத்தகத்தை மாற்றி வைத்து உங்களை வேறு வாசலுக்கு அனுப்பிப் பார்க்கலாம். அப்போது பிரவுசர் எச்சரிக்கை காட்டும், நாம் அவசரத்தில் 'பரவாயில்லை, தொடரவும்' என்று அமுக்குவோம். அப்புறம், லேப்டாப்பில் என்றைக்கோ திறந்துவிட்ட ஷேர் ஃபோல்டர் அதே வைஃபையில் இருக்கும் அத்தனை பேர் கண்ணிலும் படும். ஹோட்டல் பெயரிலேயே போலி வைஃபை ஒன்றை யாராவது பக்கத்தில் போட்டு வைப்பதும் உண்டு.

பயண ரவுட்டர் சரி செய்வது இவற்றில் சிலதைத்தான், ஆனால் ஒழுங்காகச் செய்கிறது. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். ரூம் வைஃபையில் அது மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும், நம் லேப்டாப், போன், டேப்லெட் எல்லாம் அதன் பின்னால் நம் சொந்த வைஃபையில் இருக்கும். வீட்டில் என்ன பெயர், என்ன பாஸ்வேர்டு வைத்திருக்கிறோமோ அதையே இதிலும் வைத்துவிட்டால் எந்த ஊரில் செருகினாலும் நம் சாமான்கள் வீடு வந்துவிட்டது என்று நினைத்துத் தானாகவே ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு கருவிக்கு மேல் இணைக்க முடியாது என்று சொல்லும் ஹோட்டலில்கூட அதன் கண்ணுக்கு ஒரே ஒரு கருவிதான் தெரியும். வைஃபை செத்துப்போனால் போனை யூஎஸ்பி கேபிளில் அதோடு இணைத்து மொபைல் டேட்டாவையே எல்லாவற்றுக்கும் பகிரலாம், மீட்டிங் நடுவில் இரண்டு முறை என்னைக் காப்பாற்றியது அதுதான். டைப்-சி சார்ஜரில் ஓடுகிறது, பவர் பேங்கிலும் ஓடும்.

கம்பெனி பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, எழுதினால் விளம்பரம் என்பீர்கள். நான் கொடுத்தது எட்டாயிரத்துச் சொச்சம். வாங்கும்போது பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: உள்ளே ஓடுவது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரவுட்டர் மென்பொருள் சார்ந்ததாக இருக்க வேண்டும், விபிஎன் சுரங்கம் போடும் வயர்கார்டு அதிலேயே வர வேண்டும், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று வைஃபையின் இரண்டு அலைவரிசையும் இருக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கிற மலிவு மாடல்களில் வேகம் பாதியாகிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. வீடியோ மீட்டிங் ஒரு மணி நேரம் தாண்டினால் இட்லிப் பானை மாதிரி சூடாகிறது, மெத்தை மேல் வைக்காதீர்கள். ஹோட்டலில் ரூம் நம்பரும் பெயரும் கேட்கிற லாகின் பக்கம் இருக்கிறதே, அதுதான் பெரிய தலைவலி. விபிஎன் அறுந்தால் மொத்த இன்டர்நெட்டையும் நிறுத்தும் பாதுகாப்பை ஆன் செய்து வைத்திருந்தால் அந்த லாகின் பக்கமே திறக்காது, திறக்கவில்லையே என்று சிங்கப்பூர் ஹோட்டலில் முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ரிசப்ஷன் பையனோடு சண்டை போட்டுவிட்டு அப்புறம்தான் தப்பு என் பக்கம் என்று புரிந்தது. அதை அணைத்து, லாகின் செய்து, மறுபடி ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பையனிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்.

இனி விபிஎன் கதை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சட்டம் ஒன்றல்ல, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமீரகத்தில் விபிஎன்னே குற்றம் என்று சொல்வதும் தப்பு, யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்வதும் தப்பு. கம்பெனிகளும் பேங்குகளும் தங்கள் உள்வேலைக்கு விபிஎன் வைத்துக்கொள்ளலாம். ஆனால் குற்றம் செய்யவோ மறைக்கவோ ஐபி முகவரியை (இணையத்தில் நம் இணைப்புக்கு இருக்கும் எண் விலாசம்) மாற்றிக் காட்டினால், 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி சிறை, அல்லது 5 லட்சத்திலிருந்து 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வாட்ஸ்ஆப் கால் அங்கே வேலை செய்யாது என்பது வளைகுடாவில் ஆள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும், அதற்காக ஊர் பூரா விபிஎன் போடுகிறார்கள் என்பதும் தெரியும். நான் போடவில்லை. அனுமதி உள்ள பாட்டிம் என்ற வீடியோ கால் ஆப்பை அம்மா போனில் ஏற்றிவிட்டு வந்தேன், விளம்பரம் வந்து எரிச்சல்படுத்தும், இருந்தாலும் அம்மா முகம் தெரிந்தது. வேலைக்குக் கம்பெனி கொடுத்த விபிஎன், அதுவும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு. அந்த மூன்று மாதமும் பயண ரவுட்டரை வெறும் ரவுட்டராகத்தான் வைத்திருந்தேன்.

சிங்கப்பூரில் அந்த நெருக்கடி இல்லை. ஹோட்டலுக்கு அப்புறம் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கத்தில் ரூம், வீட்டுக்காரர் கொடுத்த ஃபைபர் கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் இறங்குகிற வேகம், சும்மா சொல்லக்கூடாது. பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிய சிம்மும் எம்ஆர்டி மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குள் கூட விடாமல் எடுத்தது. பிரச்சினை அந்தப் பக்கம் இல்லை, நம் பக்கம். நம்மூர் அரசு இணையதளங்கள் சில வெளிநாட்டு முகவரியிலிருந்து போனால் திறக்கவே மாட்டேன் என்கின்றன, வெள்ளைத் திரைதான். என் பேங்க் ஒன்று, பெயர் வேண்டாம், புது ஊரிலிருந்து வருகிறாய் என்று லாகினைப் பூட்டி, கிளைக்கு நேரில் வரச் சொன்னது. சிங்கப்பூரிலிருந்து கடலூர் பாரதி சாலைக்கு நேரில் எப்படி வருவது?

சரி, இந்திய முகவரி வேண்டும் என்று பிரபலமான விபிஎன் ஒன்றுக்கு ஒரு மாதச் சந்தா கட்டினேன். ஆப்பில் இந்தியக் கொடியைத் தொட்டதும் 'இணைக்கப்பட்டது' என்றது. சோதித்துப் பார்த்தால் போய்வரும் நேரம் வெறும் 3 மில்லிசெகண்ட். சந்தோஷப்படுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் 2002இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளமே ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர 6,400 கிலோமீட்டர் என்றால் குறைந்தது 32 மில்லிசெகண்ட் ஆக வேண்டும். 3 மில்லிசெகண்டில் இந்தியா போய் வந்தது என்றால் அது இந்தியாவே இல்லை, சிங்கப்பூரிலேயே எங்கோ ஒரு கட்டிடம். காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது, பெரிய கம்பெனிகள் பல இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டு, சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கும் மெஷினுக்கு இந்திய முகவரியை மட்டும் ஒட்டிக் கொடுக்கின்றன. திருப்பாதிரிப்புலியூரில் நின்றுகொண்டு திருப்பாதிரிப்புலியூருக்கே டிக்கெட் எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. அந்த முகவரிகள் எந்தக் கம்பெனியுடையவை என்று பேங்குகளுக்கும் தெரியும், என் பேங்க் அதையும் தடுத்தது. ஒரு மாதச் சந்தா போச்சு.

ஆகவே சொந்த வீட்டையே சர்வர் ஆக்கினேன். கிளம்பும் முன்பே மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரை எடுத்து வீட்டு ஃபைபர் ரவுட்டரில் செருகி வைத்துவிட்டு வந்திருந்தேன், அப்போது விளையாட்டுக்காக. அதற்கு ஆகும் கரண்ட் 5 வாட் அளவுதான், மாதம் நான்கு யூனிட்கூட வராது. நேரடியாக வயர்கார்டு போட முடியவில்லை, ஏனென்றால் எங்கள் தெரு ஃபைபர்காரர் பல வீட்டுக்கு ஒரே வெளி முகவரியைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார், வெளியிலிருந்து நம் வீட்டுக் கதவைத் தட்ட வழியே இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படியா என்று பார்க்க ரவுட்டர் பக்கத்தில் வேன் (WAN) முகவரி, அதாவது வெளிப்பக்க முகவரி, என்னவென்று பாருங்கள், 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால் அதே கதைதான். தனி முகவரி கேட்டால் கூடுதல் பணம் என்றார். அதற்குப் பதில் அப்போதே டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவையைப் போட்டிருந்தேன், உள்ளே ஓடுவது அதே வயர்கார்டு, இரண்டு பக்கமும் உள்ளேயிருந்து வெளியே கை நீட்டிப் பிடித்துக்கொள்வதால் கதவு திறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, சொந்த உபயோகத்துக்குக் காசும் இல்லை. வீட்டு ராஸ்பெர்ரி பையை 'எக்ஸிட் நோட்', அதாவது நம் இன்டர்நெட் வெளியே போகும் வாசல், என்று குறித்துவிட்டால் முடிந்தது, நான் தேக்காவில் உட்கார்ந்திருந்தாலும் பேங்க்குக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து வருவதாகத்தான் தெரியும். முதல் தடவையே கதவைத் திறந்தது. போய்வரும் நேரம் 50 மில்லிசெகண்டைச் சுற்றி, அப்படித்தானே இருக்க வேண்டும்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று: வீட்டில் 'டவுன்லோட் 100' என்று பிளான் எடுத்திருப்போம், ஆனால் இந்த ஏற்பாட்டில் நமக்குக் கிடைக்கும் வேகம் வீட்டு இணைப்பின் அப்லோட் வேகம்தான், எல்லாம் வீட்டுக்கு வந்து அங்கிருந்து மறுபடி மேலே ஏறி நம்மிடம் வர வேண்டும் இல்லையா. அதனால் எல்லாவற்றையும் வீட்டு வழியாக அனுப்பாதீர்கள். பேங்க், அரசு வேலை இவற்றுக்கு மட்டும் வீடு, மீட்டிங்குக்கும் மற்றதற்கும் உள்ளூர் இன்டர்நெட். கம்பெனிக்குத் தெரியாமல் வேறு நாட்டில் உட்கார்ந்து கடலூரில் இருப்பதாகக் காட்டுவதற்கு இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: வரி, விசா என்று எத்தனையோ அதில் சிக்கிக்கொள்ளும், ஹெச்ஆரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்போது பிளக் பாயிண்ட். இரண்டாவது வாரம் ஒரு காலையில் மஞ்சக்குப்பம் காணாமல் போயிற்று. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, டிவி பின்னாடி ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, எரியுதா பாரும்மா."

"அதுவா? ராத்திரி பூரா பச்சையும் சிவப்புமா மினுக்குதுடா, தூக்கமே வரல. கரண்ட்டும் வீணாதான போவுது, அணைச்சிட்டேன்."

"ம்மா, அது எரிஞ்சாத்தான் எனக்கு பேங்க் திறக்கும்."

"ஏன்டா தம்பி, பேங்க் பத்து மணிக்குத்தானே திறப்பான்?"

இதற்கு என்ன பதில் சொல்வது. விளக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னேன், சுவிட்ச் மேலும் ஒன்று. அத்தோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது, அடுத்தது வந்தது: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். ரவுட்டருக்கு வைத்திருந்த மினி யூபிஎஸ் மூன்றரை மணி நேரம் தாங்கியது, ஆனால் தெருமுனையில் ஃபைபர்காரரின் பெட்டிக்குக் கரண்ட் இல்லை என்றால் என் யூபிஎஸ் எரிந்து என்ன பிரயோஜனம். தங்கை வீடு புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறது, அங்கே மின்துறையே வேறு, நம் பராமரிப்பு நாளும் அவர்கள் பராமரிப்பு நாளும் சேராது. மச்சானிடம் கெஞ்சி அவருடைய பழைய லேப்டாப் ஒன்றை அங்கே இரண்டாவது எக்ஸிட் நோட் ஆக்கினேன். தமிழ்நாட்டில் கரண்ட் போனால் புதுச்சேரி, புதுச்சேரியில் போனால் தமிழ்நாடு. பெரிய மூளைக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. லாஸ்பேட்டை முதலில் போயிற்று, கொஞ்ச நேரத்தில் மஞ்சக்குப்பமும். 22 கிலோமீட்டர் தள்ளி வைத்த மாற்று ஏற்பாடு, அதே புயலுக்குள். 2011இல் தானே புயல் அடித்தபோது இரண்டு ஊரும் சேர்ந்துதான் இருண்டு கிடந்தன என்பது கூடவா எனக்கு மறந்துபோயிற்று? அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை வேறு பெருகி வந்தது. பேங்கைப் பற்றி அப்போது யார் நினைத்தது, அம்மா குரல் கேட்டால் போதும் என்று இருந்தது, மூன்றாவது நாள் மாடி வீட்டுக்காரர் போனிலிருந்து கேட்டது. ஊருக்கு வந்ததும் திருச்சியில் இருக்கும் நண்பன் வீட்டில் மூன்றாவதாக ஒன்று வைத்தாயிற்று, காவிரி பெருகும் நாளும் வங்கக் கடலில் புயல் வரும் நாளும் ஒன்றாக அமையாது என்ற நம்பிக்கையில்.

ஓடிபியை மறந்துவிட்டேன். எவ்வளவு சுரங்கம் போட்டாலும் ஓடிபி வரவில்லை என்றால் கதை கந்தல். இந்திய சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடாதீர்கள், அது முதல் சிம்மாக உள்ளேயே இருக்கட்டும், உள்ளூர் டேட்டாவை இ-சிம்மில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பே ரோமிங்கை ஆன் செய்து, இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டால் பில் எகிறாது, எஸ்எம்எஸ் வந்துகொண்டிருக்கும். ரீசார்ஜ் முடிகிற தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல் கிடந்தால் இணைப்பைத் துண்டித்துவிடலாம், அப்புறம் நம்பரே வேறு ஆளுக்குப் போய்விடலாம் என்று விதி இருக்கிறது, கணக்கில் 20 ரூபாய் இருந்தால் இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். துபாயில் என் ரூம்மேட் ஒருவருக்கு அப்படித்தான் நம்பர் போயிற்று, பேங்க், ஆதார் எல்லாம் அந்த நம்பரில். இன்னொன்று, பயண இ-சிம் விற்கும் இரண்டு பெரிய கம்பெனிகளின் ஆப்பை 2024 ஜனவரியில் இந்தியாவில் தடுத்துவிட்டார்கள், அதனால் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் ராத்திரி தேடாமல் முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில இ-சிம்களில் நீங்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் முகவரி ஹாங்காங் என்றோ போலந்து என்றோ காட்டும். பேங்க் ஏன் பூட்டுகிறது என்று குழம்பினால் முதலில் அதைப் பாருங்கள்.

இப்போது ரவுட்டர் என்னிடம் இல்லை. மச்சான் மஸ்கட் போயிருக்கிறார், ஒரு வருஷ கான்ட்ராக்ட், லேப்டாப் கொடுத்து உதவியவர் ஆயிற்றே, கேட்டார், கொடுத்துவிட்டேன். ஓமன் சட்டம் என்ன சொல்கிறது என்று கம்பெனியிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், அதுவரை வீட்டுச் சுரங்கத்தைத் திறக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்த சிங்கப்பூர் ஹோட்டலின் பெயர் இன்னும் அதன் நினைவில் இருக்கும், அழிக்க மறந்துவிட்டேன். கடலூர் டேப் இன்னும் சுவிட்ச் மேல்தான் ஒட்டியிருக்கிறது, அம்மா அதற்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருக்கிறார்.